தொட்டிலைப் பிடித்த கொடி

என்னவளுக்கு,

நேற்று உன் அண்ணன் வண்டியோடு வந்தார். தொட்டில் அந்த அறையில் இருக்கும்வரை நீ வீட்டுக்கு வரமாட்டாய் என்றார்.

"ஒரு படம் பாக்கி இருக்கு மச்சான்" என்றேன்.

பொய் இல்லை. நீ நட்ட பாகற்கொடி ஜன்னல் வழியாக உள்ளே வந்து தொட்டில் கட்டையைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஃபிலிம் காலத்தில் படத்தைப் பெரிதாக்கும் மெஷினில் இருந்த பழைய லென்ஸைக் கேமராவில் திருப்பி மாட்டி, அந்தக் கொடிச்சுருளின் நுனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூல் போன்ற நுனி, படத்தில் ஒரு கை மாதிரி தெரிகிறது, மேலெல்லாம் பூனைமுடி. தரை லேசாக அதிர்ந்தாலும் படம் கலங்கிவிடும். முன்பெல்லாம் தொட்டிலில் நம் குட்டி சிணுங்கினாலே நீ ஓடுவாய், என் படம் போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவர் மட்டும் திரும்பிய பிறகு ஒரு படம்கூடக் கலங்கவில்லை.

அண்ணன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "கத்தரிக்கோல் எங்க மாப்ளே?" என்றார்.

"வேணாம், நானே எடுத்துடறேன்."

ஒவ்வொரு சுற்றாக நகத்தால் நெகிழ்த்தினேன். கடைசிச் சுற்று மரத்தோடு இறுகிப்போயிருந்தது. அறுந்துவிட்டது. மீதிக் கொடியை ஜன்னல் கம்பியில் கட்டினேன். தொட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறங்கினோம். அது ஒரு கனமும் இல்லை. இருந்தும் இரண்டு தடவை கீழே வைத்தோம்.

அறையைக் கூட்டித் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் உள்ளே போக முடியவில்லை. நீ வந்தால் சேர்ந்து போகலாம்.

உன்,
வீட்டில் இருப்பவன்