பின்னால் வரும் தண்ணீர்

ஜூன் 13, செவ்வாய்
வெயில் சுள்ளென்று. மேட்டூர் திறந்துவிட்டார்கள், நேற்று ரேடியோவில். நாலு மணிக்குக் கரண்ட் போய் ஆறரைக்கு வந்தது. சேமிக்காமல் வைத்திருந்த வேலை மொத்தமும் போச்சு. என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் சென்டரில் காலை பேட்ச், ஏழு பேர். "சார், இது படிச்சா வெளிநாடு போலாமா?" தஞ்சாவூரை விட்டு நகராத ஆளிடம் கேட்கிறார்கள்.

ஜாகிர் ஜூலை முதல் வாரம் ஷார்ஜாவிலிருந்து லீவில் வருகிறான். அதற்குள் எங்கள் பழைய 'கடைமடை' கேமை முப்பரிமாணத்தில் முடித்து அவன் முன்னால் வைக்க வேண்டும். பார்த்தால் திரும்பிப் போகமாட்டான். "நாலு காசு சேத்துட்டு வரேன்டா, ரெண்டு பேரும் கேம் கம்பெனி போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய் ஆறு வருஷம்.

ஜூன் 15, வியாழன்
மெஸ்ஸில் இன்றும் கத்திரிக்காய்.

பழைய கேம், மறக்காமலிருக்க: காய்ந்த வாய்க்காலில் இடமிருந்து தண்ணீர் வரும். இரண்டு பேர் வலப்பக்கம் ஓட வேண்டும். முன்னால் நான், மடை திறக்க. பின்னால் ஜா., கரை உடைப்பை அடைக்க. கடைசி வயலுக்குத் தண்ணீர் சேர்ந்தால் ஜெயம். ஒருவன் பின்தங்கினால் திரை நகராது, மற்றவன் நின்றுதான் ஆக வேண்டும். ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் தோளை இடித்துக்கொண்டு எத்தனை சண்டை. "வாயேன்டா சனியனே!"

இப்போது சிக்கல்:
1. குறுக்கே வரும் வாய்க்காலைத் தாண்டும்போது அக்கரை எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. காலுக்கு நேர்கீழே வட்டமாக ஒரு நிழல் போட்டேன். சூரியன் எங்கே இருந்தாலும் நிழல் காலடியில்தான். பொய் நிழல். ஆனால் கால் சரியாக விழுகிறது.
2. கேமராவை முதுகுக்குப் பின்னால் வைத்தால் வழி தெரிகிறது, துரத்தி வரும் தண்ணீர் தெரியவில்லை. முன்னால் வைத்தால் தண்ணீர் தெரிகிறது, வழி தெரியாமல் மடையில் போய் முட்டுகிறான். பக்கவாட்டில் பார்த்தவரை இரண்டும் ஒரே திரையில் இருந்தன.
3. கேமரா ஒருவன் பின்னால்தான் போகும். இன்னொருவன்?

ஜூன் 17, சனி
திரையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். மெஷின் நொண்டியது. இரண்டாவது ஆளை எடுத்துவிட்டேன். கால் மணி நேர வேலை. செய்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

விளையாடிப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. நானே எழுதி, நானே ஓடி, நானே செத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே பள்ளம் என்று எனக்குத்தான் தெரியுமே.

இன்று என்னோடு பேசியவர்கள்: டீக்கடைக்காரர். வீட்டுக்கார அம்மா ("மோட்டார் ஆஃப் பண்ணிட்டீங்களா சார்?").

ஜூன் 25, ஞாயிறு
திருக்காட்டுப்பள்ளி போனேன், முதல் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க. காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்றேன். வெடிப்பு, சருகு. தண்ணீரைக் காணோம். கரையில் ஒரு அம்மா குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு சார் அது? மேல ஏறுங்க, தண்ணி வந்துடுச்சு."

தண்ணீர் வரும் திசைக்குத் திரும்பக்கூட இல்லை. ஏறினேன். சற்று நேரத்தில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்தது, ஆள் நடக்கிற வேகத்தில். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"எப்படிம்மா பாக்காமலே தெரிஞ்சுது?"

"கொக்கு முன்னாடியே வந்துடுச்சே, பாக்கலையா நீங்க?"

தண்ணீர் நெருங்கினால் வெடிப்பிலிருந்து பூச்சிகள் வெளியே ஓடும். அதைத் தின்னக் கொக்கு முந்திக்கொண்டு வரும். இந்த ஊர்க்காரன் என்று பேர், எனக்குத் தெரியவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்: கொக்கு!!

ஜூன் 29, வியாழன்
தூறல். கொக்கு வேலை செய்கிறது! தண்ணீர் இருபதடியில் என்றால் தலைக்கு மேல் ஒன்று பறக்கும். பத்தடியில் மூன்று. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இறக்கைச் சத்தத்துக்கு ஈர வேட்டியை உதறிப் பதிவு செய்தேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ரொம்ப சந்தோஷம். யாரிடம் சொல்வது?

ஜூலை 8, சனி
ஜா. அய்யம்பேட்டை வீட்டிலிருந்து பத்து மணிக்கு வந்தான். முன்மண்டையில் முடி இல்லை. பேரீச்சம்பழம், சென்ட், எனக்கு ஒரு சட்டை (பெரிசு).

கேமைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாய்க்காலில் விழுந்தான். அப்புறம் நிழலைப் பிடித்துக்கொண்டான். கொக்கு பறந்ததும், நான் வாயே திறக்கவில்லை, "டேய், தண்ணி வருதுடா!" என்று கத்தினான். கடைசி வயல் வரை ஒரே ஓட்டம். என் முதுகில் ஒரு அறை.

பிறகு கீபோர்டின் இடது ஓரத்தில், அவனுடைய பழைய விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். எதுவும் அசையவில்லை.

"நான் எங்கடா?"

"கேமராவுக்கு ரெண்டு பேரு ஒத்துவரல. உன் எடத்துல கொக்கு வச்சிருக்கேன்."

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "கொக்குதான் நல்லது. லீவு கேக்காது."

டீ குடிக்கும்போது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே: "சேது, ஃபேமிலி விசா வந்துடுச்சு. இந்தத் தடவ அவளையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். வீட்ட வாடகைக்கு விட்டாச்சு."

இங்கேயே இருடா என்று கேட்க ஒரு மாசமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "பாப்பா எந்த கிளாஸ்?" என்று கேட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு
மேகமூட்டம். திருச்சி ஏர்போர்ட் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். அவன் மனைவி, "நீங்களும் ஒருதரம் வாங்கண்ணே" என்றது. ஜா.: "கேம முடிச்சு சிடில போட்டு அனுப்புடா."

வாங்க வேண்டியது: சோப்பு, டேப், விளக்குத் திரி.

சாயங்காலம் பழைய கேமைத் தேடி எடுத்து ஓட்டினேன். ஜா.வின் ஆள் இடது ஓரத்தில் அப்படியே நின்றான். நான் வலது ஓரம் வரை ஓடினேன். திரை நகரவில்லை.