இன்னொரு தடவை அமுக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரி வரவில்லை. நேற்றுக் காலை பத்தரை மணியிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பயப்படாதே, யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் போனில் சொல்ல முடியாத விஷயம். உட்கார்ந்து படி.

உன் அப்பாவின் மூத்தாளுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டியிருந்தது. நீ அந்தக் காரைத் தகர டப்பா என்பாய். எனக்கு முன்பே அவர் கையைப் பிடித்தவள் அவள், எனக்கு இந்தப் பெயர்தான் வருகிறது. பரிசோதகர் ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், சளி பிடிச்ச ஆடு மாதிரி இருக்கு, சரி பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எலக்ட்ரீஷியனோ பானெட்டைத் திறந்தவுடனே மூடினான். "இந்த வயரைத் தொட்டா அந்தப் பாவம் என்னைச் சேரும்" என்று போயே போய்விட்டான்.

அப்புறம் உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே. தானே இறங்கினார். எல்லாம் துணி சுற்றிய பழைய வயர், விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தது. எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டே வந்தேன். பழைய கையேட்டில் இருந்த படத்தையும் நானே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஹாரன் பட்டனை அமுக்கினால் காரின் இரும்பு உடம்போடு சேர்ந்து அதற்கு எர்த் கிடைக்கிறது, உடனே அது சத்தம் போடுகிறது, விஷயம் அவ்வளவுதான். அந்த எர்த் வயர் ஸ்டியரிங் தண்டுக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது. புது வயர் இழுத்து, பட்டனுக்குச் சுமை தெரியாமல் தாங்கிக்கொள்ள ரிலே என்று ஒரு சின்னப் பெட்டியும் வைத்தோம். நான்கு நாள் வேலை.

நேற்றுக் காலை பிரார்த்தனை முடித்துவிட்டுப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். பானெட் தூக்கியிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. "அமுக்கு" என்றார். அமுக்கினேன். அப்பப்பா, என்ன சத்தம்! எதிர்வீட்டு டீச்சர் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டார். தெருக்கோடி நாய்கூட எழுந்து குரைத்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பானெட்டுக்குப் பின்னாலிருந்து அவர், "அமுக்கினியா இல்லையா?" என்றார்.

விளையாடுகிறார் என்று சிரித்தேன். "இன்னொரு தடவை அமுக்கு" என்றார். இரண்டாவது தடவை பத்து எண்ணும் வரை கையை எடுக்கவில்லை. "ஏம்மா, அங்கேயே தூங்கிட்டியா?" என்றார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஹாரனிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அவர் தலை. கையில் சோதனை விளக்கு. "நீ அமுக்கும்போது விளக்கு எரியுது, கரண்ட் வருது, சத்தம்தான் வரலை. ஹாரனே செத்துப்போச்சுபோல" என்றார். விளையாட்டு இல்லை. நிஜமான கவலையோடு சொன்னார்.

அந்த நேரம் டீச்சர் சண்டைக்கு வந்தார், என்ன ஊரைக் கூட்டுறீங்களா என்று. அவரையே பிடித்து உள்ளே உட்காரவைத்து, நான் சொன்னதும் அமுக்குங்கள் என்றேன். அப்பாவின் கையை எடுத்து ஹாரன் மேல் வைத்தேன். கை அதிர்ந்தது. முதலில் கையைப் பார்த்தார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

"கொஞ்சம் கொஞ்சமா போகுதுன்னு தெரியும். இவ்வளவு போயிடுச்சுன்னு தெரியாது" என்றார். நான் கேட்காமலேயே கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஒரு பால் பாக்கெட் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். இதை எப்படி விட்டேன்? மத்தியானம் முழுக்க நோட்டை வைத்துக்கொண்டு யோசித்தேன். முதுகுக்குப் பின்னால் நான் கூப்பிட்டு அவர் திரும்பிய நாள் எது? ஒன்றுகூட நினைவில்லை. என் உதட்டைப் பார்த்தே குடும்பம் நடத்தியிருக்கிறார். போன மாதம் நாற்சந்தியில் ஒரு லாரிக்காரர் பின்னால் நின்று ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து கண்டபடி திட்டினார். அப்பா சிரித்துக் கும்பிட்டார். இவருக்கு எவ்வளவு பொறுமை என்று பக்கத்தில் உட்கார்ந்து பெருமைப்பட்டேன், மூளை கெட்டவள்.

இப்போது உன் விஷயம். பதினோரு மாதத்துக்கு முன்னால், உன் வேலை போன அன்றைக்கு, முதலில் அப்பாவிடம்தான் சொன்னாய். அவர் சிரித்தார், "நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்றார். நீ போனை வைத்தாய். தகர டப்பாவை விற்கச் சொன்னதற்கும் ஊரைவிட்டுப் போனதற்கும் பழிவாங்குகிறார் என்று நீ நினைத்தாய். நானும் நினைத்தேன், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு நீயும் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லவில்லை, அவரும் போன் பக்கம் வரவில்லை.

நேற்று அதைக் கேட்டேன். "போன்ல எண்ணெய் காயற மாதிரி ஒரு இரைச்சல்தான். அவன் குரல் வர்ற மாதிரி இருக்கும், வார்த்தை வராது. நல்ல சேதியாத்தான் இருக்கும்னு சிரிச்சு வச்சேன். அவன்தான் அப்புறம் என்கூடப் பேசறதையே விட்டுட்டான்" என்றார்.

கண்ணா, உன் வேலை போனதே அவருக்கு நேற்று வரை தெரியாது. அவருக்குத் தெரியும் என்றே நினைத்து, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்வீர்கள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நீ அன்று சொன்ன வார்த்தையை நோட்டில் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, அதற்குக் கீழே, "நான் சிரித்தேனா?" என்று எழுதினார். பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்று சட்டை மாற்றியபோது அதை எடுத்துப் புதுச் சட்டையில் வைத்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். விசாரித்ததில், எந்திரம் வைத்தால் கொஞ்சம் கேட்குமாம், முழுசாகச் சொல்ல முடியாதாம். ஆண்டவனிடம் சண்டை போட்டுவிட்டேன், பிறகு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். காது விஷயமாகப் பையனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறேன். கடவுள் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. உறையின் மேல் அவர் பெயரை எழுதி ஒரு கடிதம் போடு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடியும் பழசு. வேலை கிடைத்துவிட்டதா என்பதை முதல் வரியிலேயே அவருக்குச் சொல்லிவிடு. தபால்காரர் மணி அடிப்பது அவருக்குக் கேட்காது. அதனால் பதினோரு மணியானால் நானே வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டுவைக்கிறேன்.

நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உனக்காக எந்நேரமும் கும்பிடும்
அம்மா