பூட்டிய குசினியில் புது அரிசிப் புக்கை

அக்கா,

நீங்கள் விழுந்த அன்றைக்கு வீட்டில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் ஆளைக் கூட்டிக் குறைத்துக் கதை சொல்ல ஏலாது. நீங்கள். நான். உங்கள் மகன் குகன். மருமகள் வசந்தி. பேரன் நிரோசன். கனடாவிலிருந்து வந்த உங்கள் தம்பி, என் அண்ணன் சிவராசா, அவருடைய பெண்சாதி பவளம். இந்த இருவரும் எல்லாம் முடிகிற நேரத்தில் வந்து இறங்கியவர்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்த ரீற்றா. அவ்வளவுதான். விருந்துக்குச் சொல்லியிருந்த சனம் மத்தியானத்துக்குத்தான் வருவதாக இருந்தது.

இதை இன்றைக்கு எழுதவைத்தது என்னுடைய சேலை. இந்த வெள்ளிக்கிழமை குகன் வீட்டுப் புது அரிசிப் புதிருக்குக் கட்டிக்கொண்டு போனது. சோப்புத்தூளில் ஊறவைத்து, அடித்துத் தோய்த்து, திரும்பவும் ஊறவைத்துத் தோய்த்தும் நெய் மணம் போகவில்லை. சர்க்கரைப் புக்கை மணத்துக்கு மற்றவர்களுக்கு வாயூறும். நான் மூக்கைப் பொத்துகிறேன். சேலை கொடியில் கிடக்கிறது, நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெல்லத்தான் வரும், உங்களுக்குத் தெரியும்.

சிறுபோகம் அறுத்துப் புரட்டாசி பிறந்தால் கிளிவெட்டி வயலிலிருந்து புது நெல் வரும். நிலைக்கு மேலே கதிர் கட்டுவோம். மிச்சத்தைக் குற்றிப் புது அரிசியாக்கி, தேங்காய்ப்பாலில் புக்கை பொங்கி, வீட்டின் மூத்த ஆண் முதல் பிடி எடுத்து வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அதுவரைக்கும் காலையிலிருந்து ஒருவர் வாயிலும் ஒன்றும் படக்கூடாது. அதுதான் எங்கள் வீட்டுப் புதிர். துறைமுகத்தடியில் நாங்கள் குடியிருந்த அந்தச் சின்ன வீட்டுக்குள்ளே, கப்பல் ஊதினால் அலுமாரிக் கண்ணாடி அதிருகிற அந்த வீட்டுக்குள்ளே, எத்தனை பேரை இருத்திச் சாப்பாடு போட்டிருப்பீர்கள்! என்னை இலைப் பக்கம் விடும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்வீர்கள்: "வேணுமோ எண்டு கேட்டுப் போடாதை. இலையைப் பார்த்துப் போடு."

அந்த முறையை நீங்கள் ஒருதரம் உடைத்ததை நான் கண்ணால் கண்டவள். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குள் கிடந்த வருசம். அப்பா இல்லை. அண்ணன் வெளிநாடு போய்விட்டார். எங்கள் இரண்டு பேருடைய மனுசன்மாரும் எங்கே என்று தெரியாது. தோப்பூர் மனுசி ஒருத்தி சேலைத் தலைப்பில் முடிந்துவந்த புது அரிசியில் எங்களுக்கும் ஒரு பிடி தந்தாள். நிவாரண அரிசியோடு அதைக் கலந்து பால்மாப் பேணியில் பொங்கினீர்கள். ஆம்பிளை ஒருவரும் இல்லாமல் ஆர் முதல் பிடி எடுப்பது என்று பக்கத்துக் கிழவி ஒன்று முணுமுணுத்தது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னுடைய மகளை இழுத்து மடியில் இருத்தி, ஊதி ஊதி அவளுடைய வாயில் வைத்தீர்கள். "ஆம்பிளை வாறபோது வரட்டும். பிள்ளை இப்பதானே அழுகுது" என்றீர்கள். அப்படி ஒரு மனுசி நீங்கள். அதனால்தான் பிறகு நடந்தது எனக்குச் செமிக்கவே இல்லை.

நீங்கள் விழுந்த வருசம், அண்ணன் வருகிறார் என்றதும் குகன் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிரோசனைக் கனடாவுக்கு எடுப்பிக்க வேண்டும், அதுக்கு அண்ணன் மனம் வைக்க வேண்டும். அதற்காகக் கக்கூசுக்கு மாபிள் பதித்தான். வீட்டுக்கு வெள்ளை அடித்தான். போனில் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று அவன் குழைந்த குழைவு இருக்கிறதே, அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பில் அட்டை ஊர்கிற மாதிரி இருக்கும். நீங்கள் சிரிப்பீர்கள். பிள்ளை மாமனில் உயிர் என்பீர்கள்.

அண்ணன் முதல்நாளே வந்து நிலாவெளியில் கடற்கரை ஹோட்டலில் தங்கிவிட்டார். எங்கள் வீட்டு நுளம்புக்கடி அண்ணிக்கு ஒத்துவராதாம். காலையில் பசியாற நேரத்துக்கே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நீங்கள் விடியமுன் எழும்பி, வீங்கின முழங்காலோடு தேங்காய் துருவி, அவருக்குப் பிடித்த பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்து, புக்கையை இறக்கிவிட்டு, உங்கள் சீனி வருத்தத்துக்குப் போடுகிற ஊசியை வழமைபோலப் போட்டுக்கொண்டீர்கள். கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் என்று நான் சொன்னேன். "தம்பி சொன்னா வந்திடுவான், தங்கச்சி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை" என்றீர்கள்.

ஊசி போட்டால் சுணங்காமல் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சீனி இறங்கி ஆள் விழுந்துவிடும். கிளினிக்கில் தாதிப்பிள்ளை படித்துப் படித்துச் சொன்னவள். குகனும் பக்கத்தில் நின்று தலையாட்டிக் கேட்டவன். இதை மறக்க வேண்டாம்.

அவன்தான் குசினிக் கதவைச் சாத்தி ஆமைப்பூட்டைக் கொழுவினான். "போன வருசம் பிள்ளையள் பானைக்குள்ள விரல் விட்டு நக்கினது காணும். மாமா வந்து கை வைக்கும்வரைக்கும் ஒரு குஞ்சும் உள்ள போகப்படாது" என்று சொல்லித் திறப்பைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டான். நிரோசனையும் கூட்டிக்கொண்டு மாமாவின் வானுக்குக் கை காட்டச் சந்திக்குப் போய்விட்டான். வீட்டில் மூன்று பெண்கள். சீனி, சர்க்கரை, பால்மா, கறி எல்லாம் பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம். மணம் மட்டும் இந்தப் பக்கம்.

வெயில் முற்றத்துக்கு வந்தது. அண்ணன் வரவில்லை. நீங்கள் கதிரையில் இருந்தபடி முகத்தைத் துடைத்துத் துடைத்து விட்டீர்கள். கை நடுங்கியது. வசந்தி குகனுக்குப் போன் எடுத்தாள். மாமா சாம்பல்தீவுப் பாலம் தாண்டிவிட்டார், பத்து நிமிசம் பொறுக்கட்டாம் என்றான். பொய். அண்ணன் அந்த நேரம் ஹோட்டலில் இறால் தின்றுகொண்டு இருந்திருக்கிறார். அதைப் பிறகு அண்ணியே வாயால் சொன்னாள், அந்த இறால் எவ்வளவு பெரிசு என்று.

நான் சாமி அறைக்குப் போய்ப் படையலுக்கு வைத்திருந்த சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிடுங்கி உரித்து உங்கள் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள். "தம்பி வராமல் வாயில வைக்கமாட்டன். அவன்ர புதிர் இது" என்றீர்கள். நான் உதட்டில் வைத்து அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டீர்கள், அக்கா. என் பிள்ளைக்கு முறையை உடைத்த நீங்கள் உங்களுக்கு உடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டீர்கள். அதோடு கதை குழறத் தொடங்கியது. வசந்தி திரும்பவும் போன் எடுத்தாள். அவன் கட் பண்ணினான். நான் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு பூட்டை உடைக்கப் போனேன். வசந்தி கையைப் பிடித்துத் தொங்கினாள். "அவர் என்னைக் கொன்றுபோடுவார், சின்னம்மா" என்று அழுதாள். நாங்கள் இழுபட்டுக்கொண்டு நிற்க, பின்னால் நீங்கள் கதிரையோடு சரிந்தீர்கள். என் சத்தத்துக்கு ரீற்றா சீனித் தண்ணியோடு ஓடிவந்தாள். கிட்டிப்போன பல்லுக்குள் அது இறங்கவில்லை. கடைவாயால் வழிந்து உங்கள் புதுச் சேலையை நனைத்தது.

அப்போதுதான் வான் வந்தது. இனி நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் அந்த நேரம் கண்ணை மூடிக் கிடந்தபடியால் கண்டிருக்கமாட்டீர்கள். உங்கள் மகன் நிலத்தில் கிடந்த உங்களைக் கண்டான். கண்டுவிட்டு, திறப்பை எடுத்துக் குசினியைத் திறந்தான். அப்பாடா என்று நான் நினைத்தேன். அவன் அண்ணனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். "முதல்ல கையை வைச்சிடுங்கோ மாமா. அபசகுனமாப் போடும். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றான். அண்ணன் முழித்தார். முழித்துக்கொண்டே ஒரு விரலைப் புக்கையில் தொட்டு நாக்கில் வைத்தார். இறால் எண்ணெய் காயாத உதடு. நிரோசன் அதைப் போனில் படம் எடுத்தான். நானும் ரீற்றாவும்தான் உங்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒருதரம் கண் திறந்தீர்கள். என்னை அடையாளம் கண்டீர்கள். தண்ணி கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட ஒரே தரம் அதுதான். "குகனை ஒண்டும் சொல்லாதை" என்றீர்கள். நான் ஓம் என்றேன். பிறகு நீங்கள் கதைக்கவில்லை.

அந்த ஓமை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? செத்தவீட்டிலேயே அவன் கதையைக் கட்டிவிட்டான். தம்பியைக் கண்ட சந்தோசத்தில் அம்மாவின் இருதயம் நின்றுவிட்டதாம். வந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள், என்ன ஒரு பாசம் என்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அதையே சொன்னான். வருசா வருசம் புதிரில் சொன்னான். ஒவ்வொரு முறையும் கதைக்குள் ஆள் கூடியது. ஒரு வருசம் ஊரே சுற்றி நின்றதாம், நீங்கள் அண்ணனின் கன்னத்தைத் தடவி "வந்திட்டியோ ராசா" என்று கேட்டீர்களாம். நான் போகாமல் விட்டேன். பெட்டியில் புக்கை அனுப்புவான். வேலிக்கு வெளியே கொட்டுவேன். றோட்டில் திரிகிற மான்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுத் தின்னும். தின்னட்டும்.

இந்த முறை அவனே வந்து வாசலில் நின்றான். பெரிய விருந்தாம். நான் இல்லாவிட்டால் சனம் என்னவோ ஏதோ என்று கதைக்குமாம். போனேன். ஏன் போனேன் என்று இன்னும் தெரியவில்லை. வசந்தியின் முகத்தைப் பார்க்கவேண்டும்போல இருந்தது, அதுவாக இருக்கலாம்.

குசினிக்குப் போய்ப் பார்த்தால் சமையல் இல்லை. எல்லாம் கடைக்காரர் கொண்டுவந்து இறக்கிய அலுமினியத் தட்டுகள். பானையில் மட்டும் பெயருக்கு ஒரு பிடி புது அரிசி. அண்ணனுக்கு இப்போது பிளேனில் ஏற ஏலாதாம். அதனால் போனைப் பானைக்கு மேலே பிடித்தார்கள். கனடாவில் விடியவில்லை, கட்டிலில் கிடந்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டு அண்ணன் போனுக்குள் கையை ஆட்டினார். புதிர் எடுத்தாயிற்றாம். கைதட்டினார்கள்.

அதைவிடக் கேடு சாமி அறையில் இருந்தது. உங்கள் படத்துக்கு மாலை. படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அதில் முதல் புக்கை, நெய் மிதக்க, கஜுவும் முந்திரிகை வத்தலும் போட்டு. உயிரோடு பசித்துக்கொண்டு இருந்தவளுக்குக் கதவைப் பூட்டினவன், கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் முதல் இலை போட்டிருக்கிறான்.

பிறகு எல்லோரையும் இருத்தி அந்தக் கதையைத் தொடங்கினான். சந்தோசம், இருதயம், கன்னம், ராசா. முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினான். "சின்னம்மா பக்கத்தில நிண்டவ. கேட்டுப் பாருங்கோ" என்றான்.

கேட்டதற்குச் சொன்னேன், அக்கா.

"அவ சந்தோசத்தில போகேல்லை. பசியில போனவ. புக்கை மணத்தை மோந்துகொண்டு, பூட்டின கதவுக்கு வெளியில கிடந்து போனவ. திறப்பு உன்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்தது."

அவன் சிரித்தான். சின்னம்மாவுக்கு வயசு போய்விட்டது, இப்போது ஆட்களை மாறாட்டமாகத்தான் தெரிகிறது என்றான். எனக்குப் பாயசம் வார்க்கச் சொன்னான். வசந்தி அகப்பையும் கையுமாக நின்றாள். நான் நினைத்தேன், இவள் இப்போதும் வந்து கையைப் பிடிப்பாள் என்று. அவள் பானையை நிலத்தில் வைத்தாள்.

"திறப்பு அவரிட்டத்தான் இருந்தது" என்றாள். "நான் ரெண்டு தரம் போன் எடுத்தனான்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டது. சிலர் இலையை மடித்துவிட்டு எழும்பினார்கள். குகனோடு கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் மட்டும் ஒன்றும் விளங்காதவர் மாதிரித் தயிர் கேட்டு வாங்கித் தின்றார். அந்த வாயையும் நான் மறக்கமாட்டேன். படலைவரைக்கும் குகன் என் பின்னால் வந்தான். முகம் கறுத்துப்போய் இருந்தது. "அம்மாவே என்னை ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் ஆர் சொல்ல?" என்று கேட்டான்.

நான் நடந்து வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்வதற்கு மிச்சம் இருக்கவில்லை. உங்களுக்குத்தான் சொல்ல இருந்தது. உங்களுக்குத் தந்த ஓமை நான் உடைத்துவிட்டேன். வருத்தம் இல்லை.

என் வீட்டிலும் புதிர் நடக்கிறது. கிளிவெட்டி நெல்தான். மூத்தவர், இளையவர், ஆம்பிளை என்று ஒருவருக்கும் காத்திருப்பதில்லை. பானை இறங்கினதும் பசி என்று வருகிற வாய்க்கு முதல் பிடி. இலையைப் பார்த்துத்தான் போடுகிறேன். அந்தப் பழக்கம் உங்களுடையது, என் கையோடு கிடக்கிறது, நான் போகும்வரைக்கும் கிடக்கும்.

அண்ணனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவர் வயிற்றுக்காகவே பிறந்த மடையர், விரலை எங்கே வைக்கச் சொன்னாலும் வைப்பார். அன்றைக்கு என் கையைப் பிடித்த வசந்தியை வெள்ளிக்கிழமையோடு மன்னித்தேன். வாழைப்பழத்துக்கு முகத்தைத் திருப்பின உங்களை மன்னிக்கத்தான் வருசக்கணக்காகப் பிடித்தது. அதுவும் ஆயிற்று. பெற்ற வயிறு மன்னிக்கும், அது உங்கள் விருப்பம். அவனை நான் பெறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீங்கள் எவ்வளவு கெஞ்சியிருந்தாலும், இனி எந்தப் பிறப்பில் என் காலில் வந்து விழுந்தாலும், நான் மன்னிக்காத ஆள் ஒன்றுதான்.

உங்கள் மகன் குகன்.