செவலை இழுத்த பக்கமெல்லாம்

அண்ணி,

இன்று காலை பீரோவின் அடித்தட்டைத் துடைக்க உங்கள் புடவைகளை எடுத்து வெளியே வைத்தேன். அவற்றுக்கு அடியில் ஜிப் வைத்த அந்தச் சின்னத் துணிப்பை கிடந்தது. திறந்ததும் நெத்திலிக் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்றுமில்லை, மூலையில் கொஞ்சம் தூள் மட்டும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாசலில் படுத்திருந்த நம் செவலை நாய் எழுந்து, கயிறு விறைக்க வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றது. நான் பையை மூடிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செவலை வந்த மாதம்தான் நானும் இந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல், குரும்பலூரிலிருந்து ஒரு பெட்டியோடு பஸ் ஏறி அரியலூரில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். ஏன், என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. "சாப்ட்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதன் பிறகு நான் உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை. தெருவில் இறங்கினால் யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்கள் உச்சுக்கொட்டுவார்களே, அதற்குத்தான் பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உடையார்பாளையத்துக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நீங்கள் ஒரு குட்டியை மடியில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவந்தீர்கள். முந்திரித்தோப்பில் குட்டி போட்ட தாய் நாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது, மிஞ்சியது இது ஒன்றுதான் என்றீர்கள். அண்ணனுக்குக் கோபம்.

"தெருவுல இத்தன நாய் திரியுது. இத வேற எதுக்குத் தூக்கிட்டு வர?"

"அதுங்களுக்குத் தெரு இருக்கு. இதுக்கு என்னங்க இருக்கு?" என்றீர்கள்.

உள்ளறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் குட்டிக்காகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆறேழு மாதத்தில் அது வளர்ந்து நின்றபோது வீட்டில் ஒருவராலும் அதைப் பிடிக்க முடியவில்லை. கயிற்றைப் போட்டால் நம்மைத் தரதரவென்று இழுக்கும். ஆட்டைக் கண்டால் இழுக்கும், கோழியைக் கண்டால் இழுக்கும், காற்றில் பறக்கிற பாலிதீன் பையைக் கண்டாலும் இழுக்கும். திரும்பலாம் என்றால் நடுத்தெருவில் படுத்துக்கொள்ளும். போனில் யாரோ நாய் பழக்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். அது இழுத்தால் நாம் நின்றுவிட வேண்டும். அதட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, பதிலுக்கு இழுக்கவும் கூடாது. அதுவாகத் திரும்பிப் பார்த்து, கயிறு தொய்ந்தால் அந்தத் துணிப்பையிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டு. பிறகு நடக்கலாம்.

"எனக்குக் கை வலிக்குது பாப்பா. நீ செத்த வந்து பிடி" என்று ஒரு சாயங்காலம் கூப்பிட்டீர்கள். மறுக்க முடியாமல் வந்தேன். தெருமுனை தாண்டவே வெகுநேரம் ஆனது. நாலடி நடப்பது, நிற்பது, மறுபடி நாலடி. அத்தனை பேரும் பார்த்தார்கள், ஆனால் பார்த்தது நாயை. மளிகைக்கடை அக்கா மட்டும் என்னிடம் வந்தார். "ஏம்மா, இன்னும் ஊருக்குப் போவலயா?" என்று அவர் ஆரம்பித்ததுமே நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "நாயப் பழக்கிட்டிருக்கோம்க்கா. நின்னா கெட்டுடும்." நின்றுகொண்டேதான் அதைச் சொன்னீர்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏரிக்கரைக்குப் போகும் வழியில் மெயின் ரோட்டைக் கடந்த அந்த நாளை மட்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஓர் ஆடு கத்தியது. கயிறு என் கையைச் சுட்டுக்கொண்டு உருவிப்போனது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி கிறீச்சிட்டு நின்றபோது, புழுதிக்குள் செவலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டிரைவர் தலையை நீட்டி, "பிடிக்கத் தெரியலன்னா எதுக்குங்க ரோட்டுக்குக் கொண்டாறீங்க?" என்று கத்தினார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அது நடுங்கிக்கொண்டு நின்றது. நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். புருஷன் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து வராத அழுகை. என்னால் எதையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று என்னென்னவோ சொன்னேன். நீங்களும் அந்தப் புழுதியில் உட்கார்ந்து, நான் ஓய்ந்ததும், "நாளைக்கும் கயிறு உங்கிட்டதான்" என்றீர்கள்.

மறுநாள் நான்தான் பிடித்தேன். அதற்கடுத்த நாளும். பெரம்பலூரில் துணிக்கடை வேலைக்கு நான் பஸ் ஏறத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். அதற்குள் செவலையும் கொஞ்சம் பழகியிருந்தது. ஆட்டைக் கண்டால் காது விடைக்கும், ஆனால் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

கை வலி என்று நீங்கள் சொன்னது பொய். சொல்லாமல் விட்ட வயிற்று வலிதான் உண்மை. தெரிந்தபோது கட்டி முற்றியிருந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக உங்கள் உடம்பு பாதியானது. அப்போதும் சாயங்காலம் ஆனால் செருப்பைத் தேடுவீர்கள். நோயாளியின் பக்கத்தில் நாய் அடங்கி ஒடுங்கி நடந்தது என்று கதைகளில் சொல்வார்கள். செவலை அப்படியெல்லாம் செய்யவில்லை. கடைசியாக நீங்கள் அதைப் பிடித்து நடந்த அன்று, ஒரு பூனையைப் பார்த்து இழுத்தது. நீங்கள் நின்று பார்த்தீர்கள். கால் ஊன்றவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கயிற்றை என்னிடம் நீட்டினீர்கள்.

"என்னால நிக்க முடியல பாப்பா. நீ நில்லு."

நீங்கள் இல்லாத வீட்டில் செவலை பழகியதையெல்லாம் மறந்துவிட்டது. திருச்சியிலிருந்து வந்து நீங்கள் இறங்கும் பஸ் ஸ்டாப்புக்கு இழுக்கிறது. மருந்துக்கடைக்கு இழுக்கிறது. நீங்கள் மூச்சு வாங்க உட்காரும் மதகுக்கட்டைக்கு இழுக்கிறது. அண்ணன் ஒரே ஒரு நாள் அதைக் கூட்டிப்போய்விட்டுச் சீக்கிரமே திரும்பிவந்தார். "அரும்பாவூர்ல ஒருத்தர் தோட்டத்துக்கு நாய் கேக்குறாரு, குடுத்துடலாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். கயிற்றை ஆணியில் மாட்டியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது இழுக்கற பக்கமெல்லாம் அவ போன எடமா இருக்கு பாப்பா. என்னால முடியல."

எனக்கும் முடியவில்லைதான். ஆனாலும் கொடுக்க வேண்டாம் என்றேன். இப்போது நான் செவலையை அவிழ்த்தால் அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சாயங்காலமானால் உங்களிடமிருந்து போன் வரும். குரலே எழும்பாது. வலியைப் பற்றிச் சொல்ல மாட்டீர்கள். அண்ணனைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னதில்லை. "இன்னிக்கு நடந்தீங்களா?" என்று மட்டும் கேட்பீர்கள். "நடந்தோம் அண்ணி" என்பேன். சரி என்று வைத்துவிடுவீர்கள்.

வேலையிலிருந்து வந்து தினமும் செவலையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அது மதகுப்பக்கம் இழுக்கிறது. நான் நிற்கிறேன். சில நாள் அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. இருட்டும்வரை அப்படியே நின்றுவிட்டு வீடு திரும்புகிறோம். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்ல வேண்டிய பதில் தொண்டைவரை வந்துவிடுகிறது அண்ணி. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.