எட்டுச் சொட்டுக் காதுநீரின் ஆய்வுக்கூடப் பரிசோதனை தொடர வேண்டி

அனுப்புநர்:
த. நாகமுத்து, லாரி ஓட்டுநர்,
ஜாசின், மலாக்கா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கெனாங்கா மருத்துவமனை.

பொருள்: உட்காதுத் திரவக் கசிவைக் கண்டறியும் ஆய்வுக்கூடப் பரிசோதனையை இம்மாத இறுதியோடு நிறுத்தவேண்டாம் எனக் கேட்பது.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன். சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு குலையைத் தூக்கும்போது இடது காதில் 'டப்' என்றது. அன்று முதல் காது மந்தம். உரத்த சத்தம் கேட்டால் தரையே சாயும்.

2. அந்நிலையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடித்தார்கள், நான் தள்ளாடினேன். சாமி வந்துவிட்டது என்று கையில் வேப்பிலை கொடுத்துக் குறி கேட்டார்கள். நான் வாந்தி எடுத்த பிறகும் ஒருவர், "மவளுக்கு எப்ப கல்யாணம்னு மட்டும் சொல்லிடு தாயி" என்று விடவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

3. முதலாளியோ, குடித்துவிட்டு வருகிறான் என்று லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. தங்கள் மருத்துவமனையில்தான் காதுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்தார்கள். மொத்தம் எட்டுச் சொட்டு. உட்காதின் நீரில் மட்டுமே இருக்கவேண்டிய புரதம் அதில் கலந்திருப்பதை ஆய்வுக்கூட அலுவலர் ஷாமினி கண்டுபிடித்தார். சந்தேகம் வேண்டாமென்று மறுபடியும் சோதித்து, முடிவைத் தாமே டாக்டரிடம் கொண்டுபோனார். என் லாரியில் பத்து டன் ஏறும். அந்தப் பெண் கையாண்டது எட்டுச் சொட்டு. அந்தப் பொறுமை எனக்கு வராது. உட்காதில் இருந்த கடுகளவு ஓட்டையை அடைத்தார்கள். சாவி திரும்பக் கிடைத்தது.

4. ஆண்டுக்குப் பதினோரு பேரே வருவதால் பரிசோதனை நிறுத்தப்படுவதாக அறிகிறேன். அம்மையீர், வருவது பதினோரு பேர்தான். மற்றவர்கள் கோயிலில் நிற்கிறார்கள்.

5. சென்ற ஞாயிறு அதே கோயில், அதே உறுமி. நான் அசையாமல் நின்றேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் அன்னம்மா அக்காள் தள்ளாடினார். இரண்டு மாதம் முன்பு படியில் விழுந்து தலையில் அடிபட்டவர். ஒரு கை வலது காதைப் பொத்தியிருந்தது. மறு கையில் வேப்பிலையைத் திணித்துச் சூடமும் ஏற்றிவிட்டார்கள். வேப்பிலையை நான் பிடுங்கினேன். கூட்டம் ஏசியது. மறுநாளே தங்களிடம் அழைத்து வந்தேன். அவருக்குக் காதுநீர் எடுக்கக் கொடுத்த தேதி ஜூலை மூன்று. பரிசோதனை நிற்பது ஜூன் முப்பது.

ஆகவே அவருக்காகவும், அவருக்குப் பின் வருபவர்களுக்காகவும் பரிசோதனையைத் தொடர ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அக்காள் கையிலிருந்து வேப்பிலையை வாங்கியவன் நான். அவரை வெறுங்கையோடு திரும்ப அழைத்துப்போக வைத்துவிடாதீர்கள்.

இடம்: ஜாசின்
நாள்: 18.6.2025

தங்கள் ஆய்வுக்கூடத்தால் நேராக நிற்பவன்,
த. நாகமுத்து