நித்தியகல்யாணிக்கு ஒரு வேளைத் தண்ணீர் போதும்

என் செல்லப் பேச்சிக்கு,

நித்தியகல்யாணி பூத்திருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, செடி முழுக்க. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதிதான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

ஒரகடத்தில் கம்பெனி வேலைக்கு வந்து நாம் சேர்ந்து தங்கிய வாடகை அறைக்கு வெளியே, மதிலோரம் அதை நட்டவள் நீ. "கல்லுல வச்சாலும் வரும்க்கா" என்றாய். அப்படிப்பட்ட செடி இரண்டே மாதத்தில் இலை பழுத்துத் தொங்கியது. எனக்குக் காலை ஷிப்ட், உனக்கு மதிய ஷிப்ட். நான் மூன்று மணிக்குத் திரும்பும்போது நீ போயிருப்பாய், வெயிலில் மேல்மண் காய்ந்து கிடக்கும், சாயந்தரம் நான் ஊற்றுவேன். நீ தண்ணீரே ஊற்றுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

"தெனமும் ஊத்திட்டுத்தாம்க்கா போறேன்" என்றாய். நான் நம்பவில்லை. அதோடு விட்டேனா? உன் அம்மா போன் செய்தபோது, "செடிக்குத் தண்ணி ஊத்தக்கூட சோம்பல்மா அவளுக்கு, பொய் வேற சொல்றா" என்று போட்டுக்கொடுத்தேன். அவர்கள் உன்னைத் திட்டினார்கள். நீ இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள். அப்புறம் நாம் பேசவே இல்லையே, பேச்சி.

உன்னை ஊர் மண்ணில் விட்டுவிட்டு வந்தபின் நான் மட்டும்தான் ஊற்றினேன். செடி தளிர்த்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணி காயப்போட வந்த ஹவுஸ் ஓனர் அக்காதான் சொன்னார்.

"காலைல அது ஒரு பக்கெட்டு, சாயந்தரம் நீ ஒரு பக்கெட்டு. வேரு அழுகாம இன்னா பண்ணும்? ஒரு நாள் வுடாம ஊத்திக்கினு இருந்துச்சும்மா அந்தப் பொண்ணு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னோடு நின்று பேசியிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் எனக்குத் தோன்றவில்லை?

போன வாரம் உன் அம்மா பேசினார்கள். "அவ பொய் சொல்லுத பிள்ள இல்லையே தாயி, ஒங்கிட்ட மட்டும் ஏன் சொன்னா?" என்று கேட்டு அழுதார்கள். உன்னைப் பறிகொடுத்தவர்களுக்கு என் வாயால் இன்னொரு வேதனை. போனில் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் ஊர் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறுகிறேன். உன் அம்மாவுக்கு நேராக நின்று, நீ சொன்னது உண்மை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்வேன். அவர்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். இது சத்தியம்.

உன்னை நம்பாமல் போன
உன் அக்கா,
வள்ளி