வைத்துவிடாதீர்கள் என்று சொல்லும் குரலை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
மூக்குக் கண்ணாடிக் கடை மாடி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டுக் கல்விச் சேர்க்கை நிறுவனங்கள் பிரிவு,
கல்வி அலுவலகம்.

பொருள்: வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களைச் சேர்த்துவிடும் நிறுவனம் ஒன்று, காலமான மாணவியின் குரலைத் தன் தொலைபேசியில் தொடர்ந்து ஒலிக்கவிடுவதை நிறுத்தவும், அவளுடைய தங்கை தன் முடிவைத் தானே எடுக்க அவகாசம் பெற்றுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். தம்பி குடும்பத்துடன் வசித்துவருகிறேன். தம்பி கீழ்த்தளத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை வீட்டில் 'ரேடியோ' என்று அழைப்போம். காரணம் தாங்களே ஊகிக்கலாம். காலையில் கண் விழித்தால் இரவு தூங்கும்வரை பேச்சு நிற்காது. இளையவள் நடப்பதே யாருக்கும் கேட்காது என்பதால் அவள் 'பூனை'. இம்மனுவிலும் அந்தப் பெயர்களாலேயே குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன்.

2. ரேடியோ, மேற்படி நிறுவனத்தின் மூலம் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் சென்றாள். நான்காம் ஆண்டுக் குளிர்காலத்தில், விடுதி அறையின் சன்னல்கள் மூடியிருக்க, சூடேற்றும் கருவியிலிருந்து கசிந்த புகையில் தூக்கத்திலேயே இறந்துபோனாள். அதைப் பற்றிய விசாரணை அந்நாட்டில் நடந்து முடிந்துவிட்டது. அந்தக் கருவிகளையும் மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார்கள். நான் இங்கே அதை மீண்டும் கிளற வரவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதே தவறு என்று வாதாடவும் வரவில்லை. என் முழங்காலைப் பார்க்கும் மருத்துவர் அப்படிப் படித்து வந்தவர்தான், கைராசிக்காரர்.

3. என் குறை வேறு. ரேடியோ இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, அந்நிறுவனத்தார் அவளிடம் சில வார்த்தைகள் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். அவளைப் பேசச் சொன்னால் கேட்க வேண்டுமா! அன்று முதல், அவர்களுடைய எண்ணை யார் அழைத்தாலும், இரண்டு முறை மணி அடித்ததும் அவள் குரல் வரும். அது இவ்வாறு ஒலிக்கிறது: "வணக்கம்! நான் இங்க ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். குளிருமான்னுதானே கேக்கப் போறீங்க? குளிரும். ஆனா ரூமுக்குள்ள கதகதன்னு இருக்கும், பயப்படாம வாங்க. கொஞ்சம் லைன்லயே இருங்க. வெச்சிடாதீங்க, என்ன?"

அதன் பிறகு அலுவலகப் பெண் எடுத்துப் பேசுவார். ரேடியோ மறைந்து இரண்டாவது குளிர்காலமும் கடந்துவிட்டது. குரல் இன்னும் ஒலிக்கிறது.

4. இது எனக்குத் தெரிய வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் என் கைப்பேசி இயங்கவில்லை. சமையலறை மேடைமேல் இருந்த என் தம்பி மனைவியின் கைப்பேசியை எடுத்தேன். தம்பியைக் கடையிலிருந்து கூப்பிட வேண்டும். அவர்தான் கடைசியாகப் பேசியவராக இருப்பார் என்று எண்ணி, கடைசி எண்ணையே அழுத்தினேன். அடுப்பில் பால் இருந்தது. மணி அடித்தது. ரேடியோ பேசினாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. தம்பி மனைவி ஓடிவந்து கைப்பேசியைப் பிடுங்கி, அந்தப் பெண் எடுப்பதற்குள் அழைப்பைத் துண்டித்தார். பிறகுதான் அடுப்பைப் பார்த்தார்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். ரேடியோ இறந்த நாளிலிருந்து அவர் அந்த எண்ணை அழைத்து வருகிறார். குரல் முடிந்ததும் வைத்துவிடுவார். வேறு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாமே, வேண்டும்போது கேட்கலாமே என்றேன். ஆசிரியை புத்தி அப்படித்தான் போகும். அதற்கு அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "அது கேசட்டு மாதிரி அண்ணி. இதுல மணி அடிச்சா அவ எடுக்கிறா."

5. ஐயா, தொல்லை இங்கேதான் தொடங்கியது. அந்நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் திரும்பத் திரும்ப அழைத்துப் பேசாமல் வைக்கிறார்களோ, அவர்கள் மிகுந்த விருப்பமும் சிறிது தயக்கமும் உள்ள குடும்பத்தார் என்று அவர்களுடைய கணினி முடிவு செய்யும். அப்படிப்பட்டவர்களை அலுவலகமே அழைத்துத் தைரியம் சொல்லும். எங்கள் வீட்டு எண்தான் அவர்களிடம் முதலிடத்தில் நின்றிருக்கிறது. இந்நேரம் பள்ளி முடித்திருக்கக்கூடிய தங்கை ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்ற விவரமும் பழைய கோப்பில் இருந்திருக்கிறது. ஆகவே அதே கல்லூரியில், அதே படிப்பில், பூனையின் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு அவளை அழைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த அலுவலகப் பெண், மிகவும் இனிமையாக, "உங்கம்மா ரொம்ப ஆசைப்படறாங்கம்மா. கேக்கத் தயங்கித் தயங்கி வெச்சிடறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாராம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு எதுவும் தெரியாது.

6. பூனை அதுவரை உள்ளூரில் இயன்முறை மருத்துவம் படிக்கலாமா, வெளிநாடு போய் மருத்துவமே படிக்கலாமா என்று இரண்டு மனமாக இருந்தவள். அம்மாவே ஆசைப்படுகிறார் என்று கேட்டதும் தன் தயக்கத்தை விழுங்கிக்கொண்டாள். இடம் ஒதுக்கிய செய்தியைப் பார்த்த அம்மாவோ, மகள்தான் விண்ணப்பித்திருக்கிறாள் என்று எண்ணி, தன் பயத்தை விழுங்கிக்கொண்டார். ஒருவர் ஆசைக்காக மற்றவர் சம்மதித்து, இருவரும் எதிரெதிரே அமர்ந்து கம்பளி உடை எந்த நிறத்தில் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்குமே இல்லாத ஆசை அது. நான் குறுக்கே விழுந்து உண்மையை உடைக்கும்வரை அந்தப் பேச்சு நடந்தது.

7. உண்மை தெரிந்ததோடு முடிந்துவிடும் என்று நம்பினேன். முடியவில்லை. பூனையும் அந்த எண்ணை அழைத்துக் கேட்டுவிட்டாள். என் கட்டிலில் வந்து உட்கார்ந்து அவள் கேட்டாள்: "அம்மா ஆசைப்படலன்னு தெரிஞ்சாச்சு. ஆனா அக்கா வான்னு சொல்றாளே அத்தை. பயப்படாம வான்னு சொல்றா. எனக்கே டாக்டர் ஆகணுமா, இல்ல அவ கூப்பிடறான்னு போறேனான்னு எனக்குத் தெரியல. போகலன்னா அவ கூப்பிட்டும் போகாதவ ஆயிடுவேன்."

எத்தனையோ பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். இதற்குத் தலையணையைச் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

8. நிறுவனத்துக்கு நேரில் சென்றேன். சுவரில் ரேடியோவின் புகைப்படமும் இருந்தது. வெள்ளை அங்கி, ஒரு பக்கம் சாய்ந்த சிரிப்பு. மேலாளர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். "டீச்சர், அந்தக் குரலுக்கு ஒரு ராசி இருக்கு. கேட்ட உடனே பெத்தவங்க பாதி சம்மதிச்சுடறாங்க" என்றார். நிறுத்தச் சொன்னேன். "அவங்க சம்மதம் குடுத்துப் பேசினது டீச்சர். விதிப்படி அவங்களே வந்து வேண்டாம்னு சொன்னாத்தான் எடுக்க முடியும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் அங்கே இருக்கும்போதே வெளி அறையில் இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. ரேடியோ எடுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மேற்கொண்டு உட்கார முடியவில்லை.

9. தாங்கள் என்னைப் பொறுத்துக்கொண்டால் இரண்டு உதாரணங்கள் சொல்வேன். வகுப்பில் வருகை எடுக்கும்போது, வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று குரல் கொடுப்பது உண்டு. கண்டுபிடித்தால் சிரித்துக்கொண்டே கண்டிப்போம். இங்கே வரவே முடியாத பிள்ளையைக்கொண்டே "உள்ளேன்" சொல்ல வைக்கிறார்கள். கண்டிக்க வேண்டிய இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள்.

இன்னொன்று என் தம்பி கடையில் தினமும் நடப்பது. ஒரு கண்ணின் பார்வையைச் சோதிக்க வேண்டுமானால் மற்றக் கண்ணை மூடுவார். மூடாவிட்டால் எந்தக் கண் பார்க்கிறது என்று பார்ப்பவருக்கே தெரியாது. பூனைக்கு இப்போது அந்த நிலைமைதான். அக்காவின் குரலைச் சிறிது காலம் மூடினால், அவளுக்குத் தன் கண்ணால் எது தெரிகிறது என்று தெரியும். அதன் பின் போகிறேன் என்று சொன்னால், அந்தக் கம்பளி உடையை நானே வாங்கி மடித்து வைப்பேன். சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு என்பதைத் தவிர வேறு புத்திமதி சொல்ல மாட்டேன்.

இம்மனுவைத் தம்பியே எழுதியிருக்க வேண்டும். "நீயே எழுது அக்கா. எனக்குக் கோபம்தான் வருது, வாக்கியம் வரல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வில்லை தேய்க்கும் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் அது.

10. எனவே தாங்கள் கனிவுடன் கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன்.

அ) காலமான மாணவியின் குரலையும் படத்தையும் அந்நிறுவனம் எங்கும் பயன்படுத்தாதபடி ஆணையிட வேண்டும்.

ஆ) எங்கள் வீட்டிலிருந்து சென்ற அழைப்புகள் எதுவும் கல்லூரிச் சேர்க்கைக்கான விசாரணை அல்ல என்று பதிவு செய்ய வேண்டும். ஒதுக்கிய இடத்துக்குப் பூனை இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நிறுவனம் வைத்திருக்கும் கெடுவை, குரல் நின்ற நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு நீட்டித்துத் தர வேண்டும்.

இ) இது சட்டத்தில் இருக்காது. தங்கள் மனத்தில் இடம் இருந்தால் போதும். மேலே அ-வில் நான் கேட்டிருப்பது என் தம்பி மனைவிக்கும் தெரியும். எழுதச் சொன்னதே அவர்தான்; "சின்னவ பொழைக்கணும் அண்ணி, நிறுத்திடச் சொல்லுங்க" என்றார். ஆனால் சொன்ன கையோடு கைப்பேசியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். ஆகையால், குரலை நீக்குவதற்கு முதல் நாள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்று அவர் ஒருமுறை அழைப்பார். இதுவரை ஒவ்வொரு முறையும், வைத்துவிடாதே என்று மகள் சொல்லச் சொல்ல, அந்நியக் குரல் வருமுன் அவர்தான் வைக்க வேண்டியிருந்தது. அன்று ஒரு முறை மட்டும் அந்த அழைப்பை அலுவலகத்தில் யாரும் எடுக்காதிருக்கும்படி தாங்கள் சொல்ல வேண்டும். அவர் லைனிலேயே இருக்கட்டும்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: ஜூலை 11

(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரரின் அக்கா,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை